மாறுகண் கார்

1

லீவு முடிந்து அல் ஐனுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. பெட்டியில் கொண்டுவந்த முறுக்கையும் எள்ளுருண்டையையும் ரூம்காரர்கள் தீர்த்துக்கட்டிவிட்டார்கள். இனி கேள்விகள்தான் பாக்கி. “மகளைப் பார்த்தியாய்யா? எப்படி இருக்கு பிள்ளை?” என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுகிறேன். இத்தனை வருஷ கல்ப் வாழ்க்கையில் நான் இவ்வளவு ஆசையாக வெங்காயம் உரித்ததே இல்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு முழுசாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சொல்வதென்றால் ஒரு இங்கிலீஷ்காரரின் காரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் என் மகளைப் பற்றிக் கொஞ்சம்.

பெயர் கோகிலா. கரூரில் அம்மாவோடு இருக்கிறாள், காலேஜில் முதல் வருஷம். பிறந்ததிலிருந்தே மாறுகண். ஒரு கண் உங்களைப் பார்த்தால் மற்றது மூக்கோரமாய் ஒதுங்கி நிற்கும். எது பார்க்கிறது, எது சும்மா நிற்கிறது என்று வெளியாளுக்குப் பிடிபடாது. அதனால் அவள் யாரைப் பார்த்துப் பேசினாலும் அவர்கள் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள், வேறு யாரிடமோ பேசுகிறாள் என்று. பஸ் கண்டக்டர் திரும்புவார். மளிகைக் கடைக்காரர் திரும்புவார். “அண்ணா, உங்களைத்தான்” என்று சொல்லிச் சொல்லியே என் பிள்ளைக்கு அது நாக்கில் படிந்துவிட்டது. திரும்பிப் பார்க்காத ஆள் நான் ஒருத்தன்தான். அவளுடைய எந்தக் கண் என்னைப் பார்க்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டாள். “அப்பா, கோயம்புத்தூர்ல ஒரு டாக்டரைப் பார்த்தோம். சின்ன ஆபரேஷன்தானாம், நேராயிருமாம். பண்ணிக்கட்டுங்களா?”

“வந்து பேசிக்கலாம் கண்ணு” என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி, அதே பதில். பயம் என்று செல்வியிடம், அதுதான் என் வீட்டுக்காரியிடம், சொன்னேன். பயமெல்லாம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிற அப்பனுக்குக் குழந்தையின் உயரம் தெரியாது, செருப்பு அளவு தெரியாது, சிநேகிதி பெயர் தெரியாது. எனக்கு அவளைப் பற்றி நிச்சயமாய்த் தெரிந்தது அந்தப் பார்வை ஒன்றுதான். அதையும் நேராக்கிவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு நான் இங்கே இருப்பது?

2

நான் கரூர்க்காரன். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற ஷெட்டில் பதினாறு வயசில் சேர்ந்தேன். வண்டி இன்ஜினும் சக்கரமுமாக வெறும் சேஸாக வரும். டிரைவர் ஒருவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுவரும் கூரையும் இல்லாமல் வெயிலில் காய்ந்தபடி ஓட்டிக்கொண்டு வருவார். திரும்பிப் போகும்போது அது கண்ணாடியும் கம்பியும் கலர் கலராய்ப் பூவுமாகக் கல்யாணப் பெண் மாதிரிப் போகும்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஹெட்லைட்டைக் கடைசியாகத்தான் பொருத்துவோம். பொருத்தி முடித்ததும் வேலைக்காரர்கள் வீட்டுப் பெண்குழந்தை ஒன்றைக் கூட்டிவந்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்து சுவிட்சைப் போடச் சொல்வோம். லைட் எரிந்ததும்தான் சூடம், பூசணிக்காய் எல்லாம். வண்டிக்குக் கண் திறப்பது என்போம். முதலாளிக்கு எப்போதும் கோகிலாதான் வேண்டும். “உன் மகளைக் கூட்டிட்டு வாப்பா, ராசியான கண்ணு” என்பார். அவள் சீட்டில் நின்றுகொண்டு, ஸ்டீயரிங்குக்கு மேலே எட்டிப் பார்த்து, “அப்பா, போடட்டுமா?” என்று கத்துவாள். நான் வண்டிக்கு முன்னால் நின்று, “போடு கண்ணு” என்பேன். இரண்டு லைட்டும் என் மூஞ்சியில் அடிக்கும். அவற்றுக்கு மேலே கண்ணாடிக்குள் அவள் முகம் தெரியும்.

நான் இங்கே வந்த பிறகும் ஷெட்டில் இருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் ஒருநாள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். “என் கண்ணு கோணலா இருக்கறதாலதானே கூப்பிடறாங்க?” என்று கேட்டாளாம். செல்வி போனில் சொன்னாள். நான் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனேன்.

3

அல் ஐனில் சனையா என்று சொல்கிற தொழில்பேட்டையில்தான் எங்கள் வொர்க்‌ஷாப். அடிபட்ட கார்களுக்கு டென்ட் எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்கிற இடம். எங்களுக்கு விசா கொடுத்த முதலாளி, கபீல் என்போம், அரபிக்காரர், மாதம் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போவார். நடத்துவது எல்லாம் ஃபோர்மேன் சசி சேட்டன். திருச்சூர்க்காரர், நல்ல மனுஷன், ஆனால் எதற்கெடுத்தாலும் பதறுவார். டென்ட் எடுப்பதில் எனக்குக் கூட்டு பெஷாவர் பக்கத்து யூசுப் பாய்.

இந்த ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் ரவுண்டானா. அதில் ஒன்றில், ஈச்சமரத்தில் லேசாய் இடித்த ஒரு காரை ஒருநாள் காலையில் லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார்கள். நான் டீ கிளாஸோடு வெளியே வந்தேன். அப்புறம் டீ ஆறிப்போனதே எனக்குத் தெரியவில்லை.

அப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை. இங்கே கார் என்றால் எல்லாம் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஒரே வார்ப்பு. இதுவோ நீளமாய்ப் பானெட்டை நீட்டிக்கொண்டு, ஆள் உட்காருகிற இடத்தைப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கிவைத்திருந்தது. முன் மட்கார்டு தனியாகப் புடைத்து எழுந்து, சரிந்து, கதவுக்குக் கீழே படியாய் ஓடி, பின் மட்கார்டில் போய்ச் சேர்ந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கார்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி. பானெட்டின் பக்கவாட்டில் காற்றுப்போக வரிவரியாய் வெட்டு. தகரத்தை வளைத்த கை நிதானமான கை என்று தொட்டதுமே தெரிந்தது. கதவைத் திறந்தால் உள்ளே விளிம்பெல்லாம் மரம். பழைய பஸ்களுக்கு நாங்கள் மரச்சட்டம் போட்டுத்தானே கூண்டு கட்டினோம்! “அட சாமி, நம்ம வேலை!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

“எந்தக் காலத்து வண்டி சேட்டா இது?” என்று கேட்டேன்.

“புதுசு” என்றார் சசி சேட்டன். “ரெண்டு மூணு வருஷம்தான் ஆயிருக்கு. இங்கிலீஷ்காரன் புதுசா இப்படித்தான் செய்யறான்.”

பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் நிஜம்தான். பெரிய ஜெர்மன் இன்ஜின், கம்ப்யூட்டர், அலுமினிய சேஸ். மேலே தாத்தா, உள்ளே பேரன். எனக்கு ஒன்று புரியவில்லை. புதுசாய்ச் செய்யத் தெரிந்தவன் எதற்காகப் போன காலத்து உருவத்தைப் போட்டுச் செய்கிறான்? அந்தக் குளிர் தேசத்தில், சொந்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு, யாருக்கு என்ன ஏக்கம்? ஏங்குவது நம்மைப் போல ஊரைவிட்டு வந்தவர்களின் வேலை என்றல்லவா நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் முன்னால் போய் முகத்தைப் பார்த்தேன்.

4

இரண்டு ஹெட்லைட்டும் உள்பக்கமாய்த் திரும்பி மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தன.

யூசுப் பாய் தாடியைத் தடவினார். “பாய், யே தோ டேடா ஹை” என்றார். கோணல் என்கிறார்.

நாங்கள் கரூர் ஆட்கள், கண்ணால் மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டோம், நூல் பிடிப்போம். ஒரு லைட்டிலிருந்து மறு லைட்டுக்கு நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். இரண்டும் உள்வாங்கித்தான் இருந்தன. அடி பட்டது இடதுபக்க மட்கார்டில் மட்டும். வலதுபக்கம் பெயிண்ட்கூட உரியவில்லை. அப்படியிருக்க இரண்டும் ஒரே மாதிரி எப்படித் திரும்பும் என்று புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். நான் யோசிக்கவில்லை. “அடி உள்ளே பாய்ஞ்சிருக்கு சேட்டா. சேஸே முறுக்கிக்கிச்சு. ரெண்டு லைட்டும் இடம் மாறிப்போச்சு” என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டேன்.

சசி சேட்டனுக்குச் சொல்லவா வேண்டும்! உடனே வண்டிக்காரருக்குப் போன் போட்டு, “சார், பிக் டேமேஜ், வெரி பிக்” என்று அலறிவிட்டார். மனுஷன் அடுத்த அரை மணியில் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். இங்கே ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஹாரி சார் என்று கூப்பிடுவோம். தலை முழுக்க நரை. லீவு நாளில் இந்தக் காரை எடுத்துக்கொண்டு ஜெபல் ஹஃபீத் மலைப்பாதையில் மேலேயும் கீழேயும் போய்வருவது ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

நான் நூலைக் காட்டி எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். “சார், போத் ஐஸ் கோயிங் நோஸ்.”

அவர் காரைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மூச்சு வந்ததும் சொன்னார், அது பிறக்கும்போதே அப்படித்தானாம். வேறு ஏதோ காருக்குச் செய்த லைட்டை வாங்கி, வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டினார்களாம், அந்த உருவத்துக்கு அதுதான் பொருந்தியதாம். வண்டி வெளியே வந்ததும் ஊரே கேலி பண்ணியதாம். மாறுகண் கார் என்றே பெயர் வைத்துவிட்டார்களாம். இப்போது கம்பெனியே மாற்றிவிட்டது, புது வண்டிகளெல்லாம் நேராகத்தான் பார்க்கின்றன என்றார்.

“யூ சேஞ்ச் சார்?” என்று கேட்டேன்.

தலையாட்டி மறுத்தார். புதுசுதான் லட்சணம், அதில் சந்தேகமில்லை, ஆனால் காலையில் ஷட்டரைத் திறந்தால் இந்த மூஞ்சிதான் எனக்கு வேண்டும் என்றார்.

யூசுப் பாய் சிரித்தார், சசி சேட்டன் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறக்கும்போதே அப்படித்தான் என்ற வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சண்டைக்கு நின்று சொல்லியிருப்பேன்! என் பிள்ளையை யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால் சட்டையைப் பிடிக்கப் போயிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான், அதே கண்ணோடு ஒரு கார் முன்னால் வந்து நின்றதும், பார்த்த பார்வையிலேயே அடிபட்டது, ரிப்பேர் என்று சொல்லிவிட்டேனே.

5

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் பண்ணினேன். கதையைச் சொன்னால் சந்தோஷப்படுவாள், ஆபரேஷன் பேச்சும் கொஞ்ச நாளைக்கு அடங்கும் என்று எனக்கு ஒரு கணக்கு. பார், இங்கிலீஷ்காரனே ஆசைப்பட்டு இப்படிக் கார் செய்கிறான், இன்னொருத்தன் அதுதான் வேண்டும் என்கிறான் என்று நீட்டி முழக்கினேன். நூல் பிடித்ததைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அப்புறம் அதை யாரும் கிண்டல் பண்ண மாட்டாங்களாப்பா?” என்று கேட்டாள்.

“பண்ணாம என்ன. ஊரே பண்ணுச்சாம். கம்பெனிக்காரனே இப்ப மாத்திட்டானாம்” என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அப்புறம்தான் உறைத்தது.

கார்டில் காசு தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“ஒரு காருக்கே பாவம் பார்த்து மாத்தியிருக்காங்கப்பா” என்றாள்.

“கண்ணு, அது வேற…”

“நீங்களே அடிபட்டதுன்னுதானே நினைச்சீங்க? நீங்களே அப்படி நினைச்சா, மத்தவங்க என்னைப் பார்த்து என்னங்கப்பா நினைப்பாங்க? கிளாஸ்ல கேள்வி கேட்டா சார் என் பின்னாடி பெஞ்சைப் பார்த்துப் பதில் சொல்றாரு. எல்லாருகிட்டயும் உங்களைத்தான், உங்களைத்தான்னு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சுங்கப்பா.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

“சரி, பண்ணிக்க கண்ணு” என்றேன்.

“நிஜமாங்களாப்பா?” என்றாள். அப்புறம் குரலை இறக்கி, “நீங்க வர்ற வரைக்கும் வேணா கண்ணை இப்படியே வெச்சிருக்கட்டுங்களா? ஒரு தடவை பார்த்துட்டு…” என்றாள்.

என் மனசிலிருந்ததை அங்கிருந்தே எப்படிக் கண்டுபிடித்தாளோ தெரியவில்லை. வெச்சிரு கண்ணு, வந்து ஒரு தடவை பார்த்துக்கறேன் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது அவளைச் சரியாய்ப் பார்த்தேனா என்றுகூட ஞாபகமில்லை. வீட்டுக்குக் கம்பி வாங்க, சிமெண்ட் வாங்க என்று அலைந்ததில் லீவு போய்விட்டது. “நான் எப்ப வருவேனோ” என்று இழுத்தேன். அவள் காத்திருந்தாள். “வேண்டாம் கண்ணு, பரீட்சை லீவுல முடிச்சிரு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

6

கடைசியாய் ஒரு முயற்சி பண்ணினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் அன்றைக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று லீவு கேட்டேன். விசா புதுப்பிக்கிற நேரம். மெடிக்கல் ஆகி, என் பாஸ்போர்ட் விசா ஆபீஸில் இருந்தது. ஆபீஸ்காரனிடம் போனால் கபீலைக் கேள் என்றான். கபீலிடம் சசி சேட்டன் எனக்காகப் பேசினார். கபீல் நல்லவர்தான். நெஞ்சில் கைவைத்து “பாஸ்போர்ட் மாஃபி” என்றார். பாஸ்போர்ட் இல்லாமல் அவரும் என்ன செய்வார்? கலாஸ், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவனுக்கு வீட்டில் நல்லதும் கெட்டதும் போனில்தான் நடக்கும்.

அதற்கிடையில் ஹாரி சாரின் வண்டி வேலை முடிந்தது. மட்கார்டை யூசுப் பாய் தட்டித் தட்டிப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்தார். நான் பட்டி பார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தேன். கரும்பச்சை. ஹெட்லைட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, கை தானாக அப்படிச் செய்துவிட்டது. மூக்கைப் பார்த்தபடியே இரண்டையும் பொருத்தினேன்.

வண்டி எடுக்க ஹாரி சார் வந்திருந்தார். “ஒன் மினிட் சார்” என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். செல்வி எடுத்தாள். “என்னங்க இந்நேரத்துல, என்னாச்சுங்க?” என்று பயந்துவிட்டாள். கோகிலாவைக் கூப்பிடச் சொன்னேன்.

“கண்ணு, அந்தக் கார் ரெடி. லைட் போடணும்.”

ஷெட்டுக்குப் போவதை நிறுத்திய பிள்ளை. திட்டுவாளோ என்று நினைத்தேன்.

“நீங்க எங்கப்பா நிக்கிறீங்க?” என்றாள்.

“வண்டிக்கு முன்னாடி.”

“சரி, போடச் சொல்லுங்க.”

டிரைவர் சீட்டில் ஏறியிருந்த ஹாரி சாருக்குக் கையைக் காட்டினேன். பட்டப்பகலில் இரண்டு லைட்டும் எரிந்து என் முகத்தில் விழுந்தன.

“எரியுதுங்களாப்பா?”

“எரியுது கண்ணு.”

“எங்க பார்க்குது?”

“மூக்கைத்தான்” என்றேன். அவள் சிரித்தாள். சசி சேட்டன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஹாரி சாருக்கு ஒன்றும் புரியவில்லை. போனைப் பார்த்து, “டாட்டர்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஹார்னை இரண்டு தடவை அடித்துவிட்டுப் போனார். அந்தச் சத்தம் கரூருக்கும் கேட்டிருக்கும்.

பரீட்சை லீவில் ஆபரேஷன் முடிந்தது. “நல்லா இருக்குதுங்க, பயப்படாதீங்க” என்றாள் செல்வி. போட்டோ அனுப்பச் சொன்னால் மகள் மாட்டேன் என்றுவிட்டாள். “போட்டோவுல வேண்டாங்கப்பா. நேர்ல வந்து பாருங்க” என்றாள்.

7

விசா வேலையெல்லாம் முடிந்து, போன மாதம்தான் லீவு கிடைத்தது. விமானத்தில் வழி முழுக்க அந்தக் கண்ணை எப்படிப் பார்ப்பது என்பதே யோசனை. பார்த்ததும் என்ன சொல்வது? நல்லா இருக்கு என்றால், முன்னால் நல்லா இல்லையா என்று ஆகிவிடும். பழசே நல்லா இருந்தது என்றால் அதைவிடப் பாவம் வேறில்லை.

திருச்சி ஏர்போர்ட்டில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரே கூட்டம். பெயர் எழுதிய அட்டை, தூக்கிப்பிடித்த குழந்தை, “மாமா இங்க, இங்க” என்று சத்தம். செல்வியை முதலில் பார்த்துவிட்டேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்தில் நீலச் சுடிதாரில் உயரமாய் ஒரு பெண் நின்றாள். இரண்டு கண்ணாலும் நேராக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைய சிரிப்பு. என்ன லட்சணமான பிள்ளை! இப்படி ஆசையாய் யாரைப் பார்க்கிறாள்?

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

“அப்பா, உங்களைத்தான்” என்றாள் கோகிலா.